இரைச்சலுக்குச் சொந்தக்காரர் யார்?

2008-ஐ ஒட்டித் தொடங்கி அடுத்த சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டு, வசதியுள்ளவர்கள் மட்டுமே வாங்கிவந்த வீட்டு இன்வெர்ட்டரை நடுத்தரக் குடும்பத்தின் அத்தியாவசியப் பொருளாக்கியது. சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாமல் போன காலம் அது. விளக்கும் விசிறியும் பேட்டரியில் ஓடத் தொடங்கிய வீடுகளில், மத்திய அலை வானொலி கேட்பவர்களுக்கு மட்டும் புதிதாக ஒரு தொல்லை முளைத்தது. இன்வெர்ட்டர் ஓடுகிற நேரமெல்லாம் நிலையத்தின் குரலை ஒரு கரகரப்பு மூடிக்கொள்ளும். ரேடியோவைப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனால் செட்டில் ஒரு குறையும் இருக்காது. இன்வெர்ட்டர் விற்றவரிடம் கேட்டால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, வேறென்ன வேண்டும் என்பார். அவரவர் பொருளைப் பொறுத்தவரை இருவர் சொல்வதும் சரிதான். குறை இரண்டு பொருள்களுக்கும் நடுவே இருந்தது. அந்த நடுவெளியின் வரலாறு ஏறத்தாழ நூறு ஆண்டு நீளமானது. அதைத் தொடர்ந்து படித்துவந்தால் ஓர் உண்மை திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது: இரைச்சலை உண்டாக்குபவரும் அதனால் பாதிக்கப்படுபவரும் ஒருவராகவே இருந்த இடங்களில் எல்லாம் இரைச்சல் விரைவாக அடங்கியிருக்கிறது. இருவரும் வேறு வேறாகப் பிரிந்தபோது, எவ்வளவு எளிய பரிகாரம் கையில் இருந்தும், சட்டம் வந்து சேர்க்கும்வரை அது அடங்கவில்லை. மேல்மடைக்காரர் செய்வது கடைமடைக்காரரின் தலையில் விடிவது நம் பாசன ஊர்களுக்குப் புதிதல்ல. மின்காந்த அலைக்கும் அதே கதைதான்.

இன்வெர்ட்டர் செய்யும் வேலை என்ன என்பதைப் பார்த்தால் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். பேட்டரி தருவது ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரம். அதை மாறுமின்சாரமாக்க, ஓட்டத்தை நொடிக்குப் பல முறை வெட்டி, திருப்பி, மீண்டும் வெட்ட வேண்டும். ஓட்டத்தைச் சட்டென்று வெட்டும் ஒவ்வொரு முறையும் ரேடியோ அலை பிறக்கிறது. ஹெர்ட்ஸ் 1880-களின் இறுதியில் ரேடியோ அலைகளை முதன்முதலாக உண்டாக்கிக் காட்டியதும், மார்க்கோனி 1901-இல் அட்லாண்டிக்கைத் தாண்டிச் செய்தி அனுப்பியதும் இந்த வழியில்தான், தீப்பொறியைக் கொண்டுதான். ஆகவே இன்வெர்ட்டரின் இரைச்சலை அந்தக் கருவியின் தற்செயலான கோளாறு என்று எண்ணுவது தவறு. உலகின் முதல் ரேடியோ டிரான்ஸ்மிட்டர் எந்த விதியில் இயங்கியதோ அதே விதியில்தான் அதுவும் இயங்குகிறது. தீப்பொறி டிரான்ஸ்மிட்டர்கள் அகன்ற அலைவரிசையை ஆக்கிரமித்து ஒன்றையொன்று கெடுத்ததால், 1927-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாடு அவற்றைப் படிப்படியாக விலக்க விதி செய்தது. அங்கே விதி செய்ய முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் அழைப்புக் குறி உண்டு, உரிமம் உண்டு, பொறுப்பேற்க ஆள் உண்டு என்பதே. வீட்டு மூலையில் இருக்கும் இன்வெர்ட்டருக்கு அழைப்புக் குறி கிடையாது.

ஜெனரல் எலக்ட்ரிக் பொறியாளர் டேவிட் பிரின்ஸ் 1925-இல் 'தி இன்வெர்ட்டர்' என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். அவர் பேசியது வால்வுகளைக் கொண்ட பெரிய கருவிகளைப் பற்றி. சாதாரண மக்களின் கைக்கு வந்த முதல் மின்மாற்றுக் கருவியோ அதைவிட மிக எளியது. 1930-இல் அமெரிக்காவில் கால்வின் நிறுவனம் மோட்டரோலா என்ற பெயரில் கார் ரேடியோவை விற்கத் தொடங்கியது. வால்வு ரேடியோவுக்கு இருநூறு வோல்ட் அளவில் மின்னழுத்தம் தேவை. காரில் இருந்ததோ 6 வோல்ட் பேட்டரி. முதலில் தனியாக உயர் அழுத்த உலர் பேட்டரிகளைக் காரின் தரைக்கடியில் வைத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளுக்குள் அதற்குப் பதிலாக வைப்ரேட்டர் வந்தது. மெல்லிய எஃகுத் தகடு ஒன்று நொடிக்கு நூறு முறைக்கும் சற்று மேல் அதிர்ந்து, பேட்டரியின் ஓட்டத்தை ஒரு மின்மாற்றியின் இரு பாதிகளுக்கு மாறி மாறித் திருப்பிவிடும். மறுபக்கம் உயர் அழுத்தம் கிடைக்கும். தொடுமுனை திறக்கும் ஒவ்வொரு தடவையும் தீப்பொறி. அதாவது ஹெர்ட்ஸின் டிரான்ஸ்மிட்டரை, நுண்ணிய குறிகளைப் பிடிக்க வேண்டிய ரிசீவரோடு ஒரே தகரப் பெட்டிக்குள் அடைத்தார்கள். இதைவிட மோசமான குடித்தனத்தைக் கற்பனை செய்ய முடியாது. ஆனாலும் அந்த ரேடியோக்களில் பாட்டு தெளிவாகக் கேட்டது.

எப்படிக் கேட்டது என்பதுதான் இந்த வரலாற்றின் முதல் பெரிய சாட்சியம். வைப்ரேட்டரை உலோகக் குப்பியில் அடைத்து, உள்ளே ரப்பர் மெத்தை கொடுத்து, குப்பியைச் சட்டகத்தோடு எர்த் செய்தார்கள். மின்மாற்றியின் உயர் அழுத்தச் சுற்றுக்குக் குறுக்கே ஒரு கப்பாசிட்டரை வைத்தார்கள். தொடுமுனை திறக்கும்போது மின்னழுத்தம் சட்டென்று தாவாமல் சரிவாக ஏறி இறங்கும்படி அது பார்த்துக்கொண்டது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தக் கப்பாசிட்டரின் அளவு மின்மாற்றியோடு பொருந்தியிருக்க வேண்டும். அளவு தவறினால் இரைச்சலும் கூடும், தொடுமுனைகளும் கருகும். அமைதியும் ஆயுளும் ஒரே பாகத்தைச் சார்ந்திருந்தன. பேட்டரிக் கம்பி பெட்டிக்குள் நுழையும் இடத்தில் தடித்த கம்பியில் சுற்றிய சோக் ஒன்று. சட்டகத்தின்மேல் மெல்லிய மின்காப்புத் தாளை வைத்து இறுக்கிய தட்டையான உலோகத் தகடு ஒன்று, அதுவே ஒரு கப்பாசிட்டராக நின்று உயர் அதிர்வெண்ணைத் தரையிறக்கியது. இன்று எந்த இன்வெர்ட்டரை அமைதிப்படுத்தப் போனாலும் செய்ய வேண்டியவை இவையே: மின்னழுத்தம் தாவும் வேகத்தைத் தணிப்பது, மூடுவது, கம்பி வெளியேறும் வாயிலில் வடிகட்டுவது. 1930-களின் நடுவிலேயே இந்தப் பாடம் முழுதாகத் தெரிந்திருந்தது. மின்சாரம் எட்டாத ஊர்களுக்காக இந்தியச் சந்தையில் விற்ற 6 வோல்ட் வைப்ரேட்டர் செட்டுகளிலும் இதே ஏற்பாடுதான். இரைச்சலை அடக்காவிட்டால் ரேடியோ விற்காது. ரேடியோவையும் வைப்ரேட்டரையும் விற்பவர் ஒருவரே. அதனால் எந்த அரசும் சொல்லாமலே அது அடங்கியது.

இரண்டாம் உலகப் போரின் விமானங்கள் இன்னும் கடினமான சோதனை. அங்கே வைப்ரேட்டருக்குப் பதில் டைனமோட்டர் என்ற சுழல் இயந்திரம். ஒரே அச்சில் இரண்டு சுற்றுகள், இரண்டு பக்கமும் கார்பன் பிரஷ்கள்; 28 வோல்ட்டை உள்ளே வாங்கி இருநூறுக்கு மேற்பட்ட வோல்ட்டை வெளியே தரும். பிரஷ் தேயும் இடமெல்லாம் பொறி பறக்கும். அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் பரவலாக இருந்த பி.சி-348 ரிசீவரில் இந்த டைனமோட்டர் ரிசீவரின் பெட்டிக்குள்ளேயே பொருத்தப்பட்டிருந்தது. சிற்றலையில் 18 மெகாஹெர்ட்ஸ் வரை, மிக மெல்லிய தந்திக் குறிகளைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் அது. சோக்குகளாலும் கப்பாசிட்டர்களாலும் பொறியின் ஓசையைப் பெட்டிக்குள்ளேயே கட்டிப்போட்டார்கள். விமானத்தின் உலோகப் பாகங்களையெல்லாம் பின்னிய செப்புப் பட்டைகளால் ஒன்றோடொன்று இணைத்தார்கள். 1945-இல் அமெரிக்க ராணுவமும் கடற்படையும் சேர்ந்து, கருவிகள் எவ்வளவு இரைச்சல் விடலாம் என்பதை அளந்து கட்டுப்படுத்தும் பொதுவான தரநிலையை வெளியிட்டன. பொறி விடும் இயந்திரத்துக்கும் காதுக்கருவி மாட்டிய ஆபரேட்டருக்கும் ஒரே படை சொந்தக்காரராக இருந்ததால் அந்தத் தரநிலையை யாரிடமும் கெஞ்சி ஏற்கவைக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த வாதத்துக்கு வரலாறே நடத்திக்காட்டிய ஒரு சோதனை உண்டு. கார் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கும் பொறி விடுவதுதான். 1930-களில் கார் ரேடியோ பொருத்துபவர்கள் ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு மின்தடையைச் செருகித் தங்கள் ரேடியோவைக் காப்பாற்றிக்கொண்டார்கள். மலிவான பாகம், எஞ்சினுக்குக் கேடில்லாத பாகம். ஆனால் ரேடியோ இல்லாத காரில் அதை யாரும் பொருத்தவில்லை, ஏனென்றால் அந்தக் காரின் பொறி தொல்லை தந்தது தெருவோரத்து வீட்டுக்காரருக்கு. பிரிட்டனில் தொலைக்காட்சி பரவியபோது, கடந்துபோகும் ஒவ்வொரு காரும் திரையில் புள்ளிகளை வாரியிறைத்தது. அதே பிளக், அதே பொறி, அதே மின்தடை. இருபது ஆண்டு பழகிய பரிகாரத்தைப் புதிய கார்களில் எல்லாம் பொருத்த, 1949-இன் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின் கீழ் 1952-இல் தனி விதிமுறை தேவைப்பட்டது. அறிவு போதாமல் இரைச்சல் நீடித்தது என்று சொல்பவர்கள் இந்த ஒரு நிகழ்வுக்கு விடை சொல்லியாக வேண்டும். அறிவு கையில் இருந்தது. பொறுப்புதான் யாருடைய கையிலும் இருக்கவில்லை.

பொறுப்பை ஒருவர் கையில் வைப்பதற்கான முதல் சர்வதேச முயற்சி 1934-இல் பாரிஸில் தொடங்கியது. சி.ஐ.எஸ்.பி.ஆர். என்று சுருக்கமாக வழங்கப்படும் வானொலி இடையூறுக்கான சிறப்புக் குழு அங்கே கூடியது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தோடு ஒலிபரப்பாளர்களின் அமைப்பும் அதில் பங்கேற்றது என்பது முக்கியம். இரைச்சல் விடுகிற தொழிலும் இரைச்சல் கேட்கிற தொழிலும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. அவர்கள் உருவாக்கிய அளவைக் கருவியின் மனிதத்தன்மை என்னை இன்றும் வியக்கவைக்கிறது. ஒரு நொடிக்கு ஒரு தடவை வரும் 'டிக்' ஓசையும் நொடிக்கு நூறு தடவை வரும் கரகரப்பும் உச்ச அளவில் சமமாக இருக்கலாம். ஆனால் பாட்டுக் கேட்பவருக்கு இரண்டாவதுதான் தாங்க முடியாதது. ஆகவே துடிப்பு வந்தால் சட்டென்று ஏறி, மெதுவாக இறங்கும் முள்ளை வடிவமைத்தார்கள். துடிப்புகள் அடிக்கடி வந்தால் முள் உயரத்திலேயே நிற்கும், அரிதாக வந்தால் தாழ்ந்துவிடும். கேட்பவரின் எரிச்சலை வோல்ட் கணக்கில் எழுதும் முறை அது. இன்றும் 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை கருவிகளைச் சோதிக்கும் ஆய்வகங்களில் அந்த அளவீடு வழக்கில் இருக்கிறது. 150 என்ற தொடக்க எண்ணே ஐரோப்பிய நெட்டலை ஒலிபரப்பு அங்கே தொடங்குவதை ஒட்டியது.

அதன்பிறகு வந்த குறைக்கடத்திகள் பழைய கணக்கைக் கலைத்துப்போட்டன. 1954-இல் ஜார்ஜ் ராயர் இரண்டு டிரான்சிஸ்டரும் ஒரு மின்மாற்றியும் கொண்டு அசையும் பாகமே இல்லாத இன்வெர்ட்டரை வடிவமைத்தார். 1950-களின் இறுதியில் தைரிஸ்டர் என்ற குறைக்கடத்திச் சுவிட்ச் சந்தைக்கு வந்தது. பெட்ஃபோர்டும் ஹாஃப்டும் எழுதி 1964-இல் வெளியான இன்வெர்ட்டர் சுற்றுகள் பற்றிய நூல் ஒரு தலைமுறைப் பொறியாளர்களுக்குப் பாடநூலாயிற்று. சென்னை ஐ.ஐ.டி.யில் 1969-இல் பட்டம் பெற்ற பி. ஜெயந்த் பாலிகா, ஜெனரல் எலக்ட்ரிக்கில் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஐ.ஜி.பி.டி. என்ற சுவிட்ச் இன்று ரயில் எஞ்சின் முதல் ஏ.சி. வரை எல்லாவற்றையும் இயக்குகிறது; மின்சாரத்தை மிச்சப்படுத்தியதில் அதற்கு இணையான கண்டுபிடிப்புகள் குறைவு. ஆனால் இந்தச் சுவிட்சுகளின் சிறப்பே அவை வேகமாகத் திறந்து மூடுவதில் இருக்கிறது. பாதி திறந்த நிலையில் கழியும் நேரம் வெப்பமாக வீணாகும். வேகம் கூடினால் வீணாவது குறையும். அதே வேகம்தான் இரைச்சலின் எல்லையைத் தள்ளிக்கொண்டே போகிறது. ஒரு துடிப்பின் முனை ஏற ஒரு மைக்ரோ நொடி எடுத்தால், அதன் இரைச்சல் சுமார் 320 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் விரைந்து தேய்ந்துவிடும். 50 நானோ நொடியில் ஏறினால் அந்தத் தேய்மானம் 6 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் தொடங்கும். மத்திய அலை முழுவதும் அதற்குள் மூழ்கிவிடும். சைன் அலை இன்வெர்ட்டர் என்று நல்ல விலைக்கு விற்கும் பெட்டியிலும், வெளியே வரும் 50 ஹெர்ட்ஸ் அலை மென்மையாக இருந்தாலும், உள்ளே அதைச் செதுக்குவது காதுக்கு எட்டாத வேகத்தில் நடக்கும் வெட்டுதான். அது 20 கிலோஹெர்ட்ஸில் நடப்பதாக வைத்துக்கொண்டால் அதன் முப்பத்தாறாம் மடங்கு 720 கிலோஹெர்ட்ஸ். சென்னை வானொலியின் மத்திய அலை ஒலித்த இடம் அது.

தொழில்நுட்பம் வளர வளர இரைச்சல் தானே குறைந்துவிடும், காலம் கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. மேலே சொன்ன கணக்கு அதற்கு நேர் எதிராக நிற்கிறது. வைப்ரேட்டரில் தொடுமுனையின் ஆயுளும் காதின் அமைதியும் ஒரே திசையில் இழுத்தன. குறைக்கடத்தியில் சிக்கனமும் அமைதியும் எதிரெதிர் திசையில் இழுக்கின்றன. இப்போது வரும் சிலிக்கான் கார்பைடு சுவிட்சுகள் ஐ.ஜி.பி.டி.யைவிடவும் வேகமானவை. தானாக விட்டால் வளர்ச்சி இரைச்சலின் பக்கமே சாயும்.

இன்னும் கனமான மறுப்பு, கேட்பவரின் பக்கத்திலேயே தீர்வு தேடலாமே என்பது. ஆம்ஸ்ட்ராங் 1933-இல் காப்புரிமை பெற்ற பண்பலை, இரைச்சலை வெல்வதற்கென்றே பிறந்தது. அந்த வெற்றி மெய்யானது. அமெச்சூர் வானொலிப் பொறியாளர் ஜேம்ஸ் லாம்ப் 1936-இல், துடிப்பு வரும் கணத்தில் ரிசீவரின் வாயை மூடித் திறக்கும் சுற்றை வெளியிட்டார். காரின் பொறிக்கு அது அருமையாக வேலை செய்தது, ஏனென்றால் இரண்டு பொறிகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி இருந்தது. நொடிக்கு இருபதாயிரம் தடவை வெட்டும் இன்வெர்ட்டரிடம் அந்த உத்தி செல்லாது. வாயை அத்தனை தடவை மூடினால் பாட்டு கேட்க நேரமே மிஞ்சாது. பண்பலையும் ஏறத்தாழப் பார்வைக்கு எட்டும் தூரம்தான் போகும். கொடைக்கானல் மலைமேல் ஒலிபரப்புக் கோபுரம் வைத்ததால் தென்மாவட்டங்களில் பெரும்பரப்பை எட்ட முடிந்தது. கடலுக்குள் வெகுதூரம் போன மீனவரைத் தேடிச் செல்ல மத்திய அலைதான் இருந்தது. ஏரியலை உயர்த்துவதும், ரேடியோவை ஜன்னலோரம் நகர்த்துவதும், கம்பியில் ஃபெரைட் வளையம் மாட்டுவதும் பயனுள்ளவையே. ஆனால் இரைச்சலும் நிலையமும் ஒரே அலைவரிசையில் கலந்து ஏரியலுக்குள் நுழைந்தபின் சாதாரண ரிசீவரால் அவற்றைப் பிரிக்க இயலாது. ஃபெரைட் வளையம் நன்றாக வேலை செய்வதும் அதை இன்வெர்ட்டர் பக்கத்துக் கம்பியில் மாட்டும்போதுதான்.

பத்து மணி நேர மின்வெட்டில் படிக்கும் பிள்ளைக்கு விளக்கு முக்கியமா, தாத்தாவுக்கு வானொலி முக்கியமா என்று கேட்பவருடைய கேள்வியை நான் மதிக்கிறேன். விளக்குதான் முக்கியம். இன்வெர்ட்டரின் விலையை ஏற்றும் எதையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும். ஆனால் அந்த வீட்டில் பணம் பெரும்பாலும் போவது பேட்டரிக்கு. இரைச்சல் வடிகட்டிக்கு வேண்டியது ஒரு ஃபெரைட் உள்ளகத்தில் சுற்றிய சோக்கும் சில கப்பாசிட்டர்களும். சுற்றை வரையும்போதே அவற்றுக்கு இடம் விட்டால் செலவு சிறிது. விற்றபின் ஒவ்வொரு வீடாகப் போய்த் தேடித் திருத்தினால்தான் பெரிது. தவிர, விளக்கையும் வானொலியையும் எதிரெதிரே நிறுத்துவதே சரியல்ல. மின்சாரம் போன இரவில்தான் புயல் எச்சரிக்கையைப் பேட்டரி ரேடியோவில் கேட்கும் தேவை வருகிறது. அதே இரவில்தான் இன்வெர்ட்டரும் ஓடுகிறது. 2004 டிசம்பர் சுனாமியின்போது போர்ட் பிளேயரில் இருந்த அமெச்சூர் வானொலிக் குழு வெளியுலகத்தோடு தொடர்பை நிறுத்தாமல் காத்தது சிற்றலையில். பேரிடர் நேரத்துச் சிற்றலை நிலையம் அருகிலேயே மின்மாற்றுக் கருவிகள் ஓட வேண்டிய சூழலில் இயங்குவது. அவற்றின் இரைச்சல் உயிர்ப் பிரச்சினையாகும் இடம் அது.

மத்திய அலையை இனி யார் கேட்கிறார்கள், வானொலியே கைப்பேசிக்குப் போய்விட்டதே என்ற மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்கள் நாடெங்கும் குறைந்துவருகின்றன. ஆயினும் கேட்பவர்கள் விலகியதற்கு அந்த அலைவரிசை கேட்க முடியாததாகிவிட்டதும் ஒரு காரணம் என்பதை மறந்து, விலகியதையே இரைச்சலுக்கு அனுமதியாகக் காட்டுவது நியாயமல்ல. 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலிபரப்பு மட்டும் வாழவில்லை. பெருங்கடலைக் கடக்கும் விமானங்களும் கப்பல்களும் அங்கே பேசுகின்றன. செம்புத் தொலைபேசிக் கம்பியில் வரும் இணையமும் அதே அதிர்வெண்களில்தான் ஓடுகிறது.

இப்போது இந்தக் கேள்வி கூரைக்கு ஏறியிருக்கிறது. சூரிய மின்பலகையிலிருந்து இன்வெர்ட்டர்வரை இறங்கும் நேர்மின்சாரக் கம்பிகள் பல மீட்டர் நீளமானவை, உயரத்தில் இருப்பவை, எந்த உலோக உறையும் இல்லாதவை. நல்ல ஏரியலுக்கு வேண்டிய எல்லாத் தகுதியும் அவற்றுக்கு உண்டு. இன்வெர்ட்டர் வெட்டும் துடிப்புகள் அதன் வெப்பத் தகட்டின் வழியாகவும் எர்த் வழியாகவும் கசிந்து அந்தக் கம்பிகளில் ஏறுகின்றன. ஒவ்வொரு பலகையின் பின்னும் தனித்தனி மின்மாற்றுக் கருவி பொருத்தும் முறையில் வெட்டும் சுவிட்சுகள் கூரை முழுவதும் பரவிவிடுகின்றன. ஐரோப்பாவில் மின்காந்த இணக்க நெறிமுறை 1996 முதல் கட்டாயமாயிற்று. ஆனாலும் தரநிலைகள் நெடுநாள் கவனித்தது மின்வாரியப் பக்கத்துக் கம்பியை. மின்பலகைப் பக்கத்துக் கம்பிக்கு சி.ஐ.எஸ்.பி.ஆர். 11 தரநிலையில் வரம்பு சேர்ந்தது 2015-இல் வெளியான பதிப்பில்தான். அதற்குள் லட்சக்கணக்கான கூரைகள் நிறைந்துவிட்டன.

இந்தியாவில் 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம் ஒரு கோடி வீடுகளின் கூரையைக் குறிவைக்கிறது. கூரைக்கு மானியம் தருவது மத்திய அரசு. ஆகாசவாணியை நடத்துவது அரசு நிறுவிய பிரசார் பாரதி. கப்பலுக்கும் விமானத்துக்கும் அலைவரிசை ஒதுக்குவதும் அரசே. பி.சி-348-ஐ வாங்கிய படையைப்போல, இரைச்சலை உண்டாக்கும் பொருளுக்குப் பணம் தருபவரும் அதைக் கேட்கப்போகிறவரும் இங்கே ஒருவரே ஆகிறார்கள். இந்த வாய்ப்பு ஒவ்வொரு கூரையும் நிறுவப்படும்போது ஒரு தடவைதான் வரும். தரநிலையின் எண்ணை ஒப்பந்தத்தில் அச்சிடுவதோடு நின்றால் அது வீணாகும். மானியத் தொகையை விடுவிக்கும் முன், நிறுவிய கூரைகளில் சிலவற்றையாவது தேர்ந்தெடுத்து, நண்பகலில், இன்வெர்ட்டர் முழுச் சுமையில் ஓடும்போது, மின்பலகைக் கம்பி கூரையிலிருந்து இறங்கும் இடத்தில் 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்க வேண்டும். வரம்பை மீறினால் சோக்கும் வடிகட்டியும் சேர்க்கும் செலவை வீட்டுக்காரரிடம் வாங்காமல் விற்றவரே ஏற்க வேண்டும்.